ஏழு சேர்க்கை, பதினோரு பேர்

அரிசிக்கு ரேஷனை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று ராயபுரமே சந்தோஷப்பட்டது. கல்மண்டபம் கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டார்கள். மங்கை மட்டும் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

"இன்னா மங்கை, வெங்காயமா?" என்று கேட்டாள் மாமியார் குப்பம்மா.

"ஆமா அத்தே."

அன்று அந்த வீட்டில் வெங்காயமே இல்லை. ஆனால் பதினோரு பேர் இருக்கும் வீட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று யாருக்கு நிச்சயமாகத் தெரியும்?

மங்கைக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். முகத்துவாரக்குப்பத்திலிருந்து ராயபுரத்துக்கு வாழ வந்த நாளிலிருந்து, புருஷன் மனோகரனோடு அவள் தனியாகப் பேசிய பேச்செல்லாம் ரேஷன் கடை வரிசையில் பேசியதுதான். வீட்டில் ஒரு கூடம், ஓர் அடுப்பங்கரை, மேலே மொட்டை மாடி. ஆண்களுக்குப் படுக்கை மாடியில், பெண்களுக்குக் கூடத்தில். கதவுள்ள அறை ஒன்றே ஒன்று உண்டு. அதில் மாமனாரின் அண்ணன் பொன்னுரங்கம் குடியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமே செய்துகொள்ளாதவர். கடற்காற்று ஆகாது என்று கதவை எப்போதும் உள்பக்கம் தாழிட்டுக்கொள்வார்.

ஆகவே சனிக்கிழமைதோறும் ரேஷன் கார்டோடும் பையோடும் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்புவார்கள். வரிசையில் நிற்கும்போது பின்னாலிருக்கும் கிழவிகளை, "நீங்க முன்னால போங்க ஆயா" என்று அனுப்பிவைப்பார்கள். கர்ப்பிணிகளை அனுப்புவார்கள், காலில் அடிபட்டவர்களை அனுப்புவார்கள், கடைசியில் சும்மா வந்தவர்களையும் அனுப்பிவிடுவார்கள். ஒரு மணி நேர வரிசையை மூன்று மணி நேரமாக இழுத்துக்கொண்டு, வீட்டில் பேச முடியாததையெல்லாம் பேசிக்கொள்வார்கள். அந்த வட்டாரத்தில் இவ்வளவு தயாள குணமுள்ள தம்பதி வேறில்லை என்று பெயராகிவிட்டது. அந்தப் பேருக்குத்தான் சர்க்கார் இப்போது உலை வைத்தது.

மீதி இருந்தது ஒரே ஒரு வழி. திருவொற்றியூரில் மனோகரன் குமாஸ்தாவாக இருந்த பெல்ஹேவன் டின் டப்பாக் கம்பெனியின் பின்புறம் பன்னிரண்டு குவார்ட்டர்ஸ் உண்டு. அதில் ஒன்று காலியாகியிருந்தது.

"ஒரு ரூமு," என்று மனோகரன் அடுப்பங்கரை வாசலில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்று முணுமுணுத்தான். "ரூமுக்குக் கதவு கீது."

"தாப்பா?"

"கீது. மேல ஒண்ணு, கீய ஒண்ணு."

மற்ற பெண்களுக்குப் புருஷன்மார் ஒட்டியாணத்தைப் பற்றிச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது மங்கைக்கு. அதற்குள் ஓரகத்தி பூமாரியின் மூன்று பிள்ளைகளும் தண்ணீர் கேட்டு வந்து சேர்ந்தார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்து வருஷமாகியிருந்தது. கம்பெனிக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸ் யாருக்கு என்பதை மேனேஜர் தார்ன்லி துரை தீர்மானிப்பார். துரை எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை அவருடைய துரைசானி தீர்மானிப்பாள். துரைசானிக்கு அந்த வருஷம் சங்கீதப் பைத்தியம் பிடித்திருந்தது. கம்பெனி ஸ்தாபகர் தின விழாவில், தன்னுடைய யூகலேலியில் ஒரு 'அசல் இந்தியப் பாட்டு' வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "யாருக்காவது நம் ஊர் சங்கீதம் தெரியுமா?" என்று ஹெட் கிளார்க் கேட்டபோது எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். மனோகரன் மட்டும் எழுந்து நின்று, தன் மனைவி பெரிய வித்வாம்சினி என்று சொல்லிவிட்டான். மங்கை அப்பனோடு உட்கார்ந்து மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் போட்டவள். அதுதான் அவளுடைய வித்வத் முழுவதும்.

மறுநாள் சாயங்காலம் மனோகரன் யூகலேலியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். பதினோரு பேரும் கூடத்தில் கூடினார்கள். உள்ளே கிடந்தது கிடாரைப் போலவே செய்த இரண்டு சாண் நீளச் சாமான். நாலு தந்தி, விரல் வைக்கப் பல்லிடுக்கு மாதிரி நெருக்கமான கட்டைகள்.

"இது இன்னாடா, கிடாரு போட்ட குட்டியா?" என்றார் பொன்னுரங்கம், அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி.

"யூகலேலி பெரிப்பா. தொரசானி குட்த்தாங்க. ஆபீஸ் வேலை."

ஆபீஸ் வேலை என்றதும் வீடு மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக மனோகரனும் மங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார அனுமதி கிடைத்தது. மீதி ஒன்பது பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

மங்கை தந்திகளைத் தட்டிப் பார்த்தாள். கட்டை விரல் பக்கமிருந்த தந்தி மந்தமாக ஒலிக்கும் என்று எதிர்பார்த்தாள். அது பக்கத்துத் தந்தியைவிட மேலே நின்று கீச்சிட்டது. அதுதான் ப. அடுத்தது ஸ, பிறகு க, கடைசித் தந்தி த. படியில் ஏறுகிறவன் முதலில் மூன்றாம் படியில் குதித்துவிட்டுக் கீழே இறங்கி மறுபடி ஏறுகிற மாதிரி இருந்தது. இந்த வீட்டுக்கு ஏற்ற வாத்தியம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இங்கேயும் யார் எந்தப் படியில் என்று யாருக்கும் தெரியாது.

பாட்டு ஒன்றும் பெரிதில்லை. அவள் அம்மா பாடிய தாலாட்டு, ஹரிகாம்போதியில் நாலே அடி. மெட்டைத் துரைசானி வாயால் முனகிக்கொள்வாள். யூகலேலியில் அதற்குத் துணையாக இரண்டு மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து மீட்ட வேண்டும். சேர்க்கைகள் எல்லாம் துரைசானி கொடுத்தனுப்பிய புத்தகத்தில் படம் போட்டிருந்தது. ஆனால் மங்கை தாலாட்டை முனகிக்கொண்டே புத்தகத்துப் படத்தின்படி விரலை வைத்ததும், பூமாரியின் கைக்குழந்தை வீரிட்டு அழுதது.

குழந்தை மேல் தப்பில்லை. புத்தகத்தில் ப என்ற சுரத்தின்மேல் கட்டியிருந்த சேர்க்கையில் வந்தது அரைப்படி மேலே நிற்கும் நெட்டை நி. தாலாட்டில் வருவது குள்ள நி. இரண்டும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் ஒரே குழாயடியில் இரண்டு குடம்தான்.

"புக்கு இந்தப் பாட்டுக்கு உதவாது," என்றாள் மங்கை. "ராகத்துல கீற ஏழு சுரத்தை வெச்சே நாமளே கட்டிக்கணும்."

"ஏழையும் ஒண்ணா போட்டு அட்ச்சா போவுது," என்றாள் குப்பம்மா. பதினோரு பேருக்கும் ஒரே குண்டானில் ஆக்கிப் பழகியவள்.

மங்கை அடுத்தடுத்த இரண்டு சுரங்களைச் சேர்த்துத் தட்டிக் காட்டினாள். குப்பம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா அத்தே? பக்கத்துப் பக்கத்துச் சுரம் கூடப் பொறந்ததுங்க மாதிரி. ஒண்ணா குந்த வெச்சா அடிச்சிக்கும். ஒண்ணு உட்டு ஒண்ணு எடுக்கணும். ஸ, நடுவுல ரியை உட்டுட்டு க, மயை உட்டுட்டு ப. இதுங்க அத்தை பெத்தது, மாமன் பெத்தது. சேந்துக்கும்." மூன்றையும் சேர்த்து மீட்டினாள். கூடம் ஒரு நிமிஷம் குளிர்ந்தது.

"அப்டி சொல்லு," என்றாள் குப்பம்மா. "மொறை பாத்துதான் சேக்கணும். அத்த உட்டுட்டு புக்கு இன்னாத்துக்கு?"

அன்றிலிருந்து குப்பம்மாவுக்குச் சங்கீதம் முழுக்கப் புரிந்துவிட்டது. மங்கை ஒவ்வொரு சேர்க்கை கட்டும்போதும் அடுப்பங்கரையிலிருந்தே, "மொறை கீதா பாத்துக்கினியா?" என்று குரல் கொடுப்பாள்.

ஏழு சுரம், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சேர்க்கை. நாலு நாளில் ஏழும் முடிந்தன. அவற்றைத் துரைசானிக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் அடுத்த பேஜாரு. ஸ, ரி, க என்றால் அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. மங்கைக்கே விரல் இடம் மறந்து மறந்து போனது. அதனால் ஞாபகத்துக்காக ஒவ்வொரு சேர்க்கைக்கும் வீட்டில் ஒருவர் பெயரை வைத்தாள். அப்புறம் ஒன்றுகூட மறக்கவில்லை.

ஸ-வின் சேர்க்கை மாமியார். பாட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். ம-வின் சேர்க்கை மாமனார், அமைதியானவர், மாமியாருக்கு வழிவிட்டு நிற்பவர். ரி என்பது நாத்தனார் நீலா. நி என்பது மூத்தார், அதாவது மனோகரனின் அண்ணன். வேறு ஏதோ ராகத்திலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த மாதிரி ஒரு மிடுக்கு. ப என்றால் எல்லா ராகத்திலும் கம்பீரம் என்பார்கள். இந்த ராகத்தில் குள்ள நியைத் தூக்கிக்கொண்டிருப்பதால், அதன் சேர்க்கைக்கு முகம் கொஞ்சம் தொங்கலாக இருந்தது. அது ஓரகத்தி பூமாரி.

த-வின் சேர்க்கை மனோகரன். ஒரே விரலை வைத்தால் போதும், வந்துவிடும். மாமியார் சேர்க்கைக்கும் அதற்கும் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம், மற்றது எல்லாம் அம்மாவேதான்.

மிச்சமிருந்தது க. அதன் சேர்க்கை மட்டும் எப்படிக் கட்டினாலும் உட்காரவில்லை. மற்றவற்றில் அடிச்சுரத்துக்கும் உச்சிச் சுரத்துக்கும் சரியான இடைவெளி இருந்தது. இதில் குள்ள நி வந்து விழுவதால் உச்சி அரைப்படி குறைந்தது. சுண்டு விரலை எட்டி நீட்டி வாசித்தாலும் உறுமிக்கொண்டே இருக்கும். அடுத்து மாமனார் சேர்க்கைக்குப் போனால்தான் அதற்கு நிம்மதி. பொன்னுரங்கமும் அப்படித்தான். தினம் நாலு தடவை கதவைத் திறந்து, உறுமி, தம்பியிடம் மூக்குப்பொடி வாங்கிய பிறகுதான் அடங்குவார்.

நாலு கோடு கிழித்துப் புள்ளி வைத்து, மங்கை ஏழு படம் வரைந்தாள். மனோகரன் அடியில் இங்கிலீஷ் எழுத்தில் பெயர்களை எழுதினான். அந்தத் தாளை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்ததுதான் தப்பு.

காலையில் பூமாரி கையில் தாளோடு கூடத்தில் நின்றாள். எட்டாவது வரை படித்தவள்.

"மாமியார், நீலா, பெரிய மாமா, மாமனார், நானு, உன் புருசன், அவரு. சரி. எம் புள்ளைங்க மூணும் இன்னா பாவம் செஞ்சிது? கல்யாணப் பத்திரிகைல பேரு உட்ட மாதிரி உட்டுட்டியே. நாளைக்கு ஜனங்க இன்னா கேக்கும்?"

"அக்கா, கீறதே ஏழு சுரம்."

"பன்னண்டு கட்டை கீது இதுல. எண்ணிட்டேன்."

அதற்குள் பொன்னுரங்கம் அறையிலிருந்து முழுசாகவே வெளியே வந்துவிட்டார். அவருடைய சங்கடம் வேறு. "எம் பேரு மூணாவதா கீது. இந்த வூட்டுக்கு மூத்தவன் ஆரு? பத்திரிகைன்னா மொதப் பேரு ஆரு பேரு?"

"பெரிய மாமா, அது பாட்டுக்குப் படம்…"

"பாட்டுன்னா இன்னா, கப்பல்னா இன்னா. கிரேன்ல மொதச் சங்கிலி மேஸ்திரி சங்கிலிதான்."

மாமனார் தாலாட்டுக்காக ஒரு வார்த்தை பேசலாம் என்று வாயைத் திறந்தார். குப்பம்மா பார்த்தாள். மூடிக்கொண்டார்.

பஞ்சாயத்து இரண்டு நாள் நடந்தது. கடைசியில் வழி காட்டியது குப்பம்மாதான். "நாலு தந்தி கீதுன்றே. மூணு பேருதான் குந்தறாங்க. ஒரு எடம் சும்மாதானே கீது? புள்ளைங்கள மடில ஏத்திக்கினா போச்சு. ஜட்காவுல போறதில்லையா?"

மங்கைக்கு இதற்கு மேல் போராடத் தெம்பில்லை. மாமியார் சேர்க்கையின்மேல் நியை ஏற்றி மூத்த பையனுக்குக் கொடுத்தாள். வேடிக்கை என்னவென்றால், அது பொருந்திவிட்டது. மடியில் பிள்ளை ஏறியதும் அந்தச் சேர்க்கையால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உடனே மாமனாரிடம் போய்ப் பிள்ளையைத் தள்ளிவிடத் துடித்தது. வீட்டிலும் அதுவே வழக்கம். பூமாரியின் சேர்க்கையில் ம ஏறிக் கைக்குழந்தையாயிற்று. நடுப்பையனை நீலாவின் தலையில் கட்டினாள். பூமாரி தாளை இரண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

பொன்னுரங்கத்துக்காகத் தாலாட்டு அவருடைய சேர்க்கையில் ஆரம்பிப்பதாக முடிவாயிற்று. எந்தக் குழந்தையும் அப்படித் தூங்கியதில்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்க வேண்டுமே.

"எல்லாருக்கும் திருப்தியா?" என்று கேட்டாள் மங்கை.

எல்லோருக்கும் திருப்தி. பதினோரு பேர் வீட்டில் பத்துப் பேர் பாட்டில் ஏறியிருந்தார்கள். பதினோராவது ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. வரைந்தவளுக்கே நினைவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பங்களாவில் மங்கை துரைசானிக்குச் சொல்லிக்கொடுத்தாள். நடுவில் மனோகரன் துபாஷி. துரைசானி தங்கமானவள். விரல் வலித்தாலும் சிரிப்பாள். பெயர்களுக்கு அர்த்தம் கேட்டதும் மனோகரன் உற்சாகமாகச் சொல்லிவிட்டான். துரைசானியின் கண்கள் அகன்றன. "ஒரே வீட்டிலா? எல்லோரும்?" என்று கேட்டாள். "எல்லோரும், மேடம்," என்றான் மனோகரன் பெருமையோடு. அந்தப் பெருமைக்கு அவன் பிறகு விலை கொடுக்கவேண்டியிருந்தது.

விழா ஆகஸ்ட் மாதத்தில், கம்பெனியின் பெரிய ஷெட்டில், சாயங்காலம் நாலு மணிக்கு. டின் தகட்டுக் கூரையின் கீழே மாவிலைத் தோரணம். குடும்பத்தோடு வரவேண்டும் என்று உத்தரவு. லாரியில் பெஞ்சு போட்டு ராயபுரத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மங்கையின் வீட்டார் மூன்றாவது வரிசை முழுக்க நிறைந்திருந்தார்கள். பொன்னுரங்கம் மேஸ்திரி காலத்துக் கோட்டை எடுத்துப் போட்டிருந்தார்.

துரைசானி மேடையில் உட்கார்ந்து முதல் சேர்க்கையை மீட்டினாள். கூரைத் தகடு ஒரு தரம் அதிர்ந்தது. முன்வரிசைக்காரர்கள் சுருதி சேர்க்கிறாள் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டார்கள். "பெரியா மாமா," என்று துரைசானி அறிவித்தாள். பொன்னுரங்கம் எழுந்து நின்று நாலு பக்கமும் சலாம் வைத்தார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாட்டை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் துரைசானி பெயர் சொல்லச் சொல்ல, மூன்றாவது வரிசையில் அந்தந்த ஆள் தலையாட்டி மரியாதையை ஏற்றுக்கொண்டார். ப வந்தபோது பூமாரி கைக்குழந்தையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். ஸ வந்தபோதெல்லாம் குப்பம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தாலாட்டில் ஸ பத்தொன்பது தடவை வந்தது. "இன்னாமே இது, பாட்டா, ஆஜர் பட்டியலா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். "ரேஷன் கார்டு படிக்கிறாங்க," என்றாள் இன்னொருத்தி. மங்கை மேடை ஓரத்தில் நின்று விரல்களால் அடுத்த சேர்க்கைக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் தார்ன்லி துரை எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, ஹெட் கிளார்க் மூன்று வாக்கியமாகத் தமிழ்ப்படுத்தினார்.

"மேனேஜர் துரை அவர்கள் அருள்வதாவது: எங்கள் தேசத்தில் பிள்ளைகள் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போய்விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும். இங்கேயோ, ஆகா, பதினோரு உயிர், ஒரே கூரை, ஒரே நாதம். இன்று என் கண்கள் திறந்தன. ஸ்ரீமான் மனோகரன் குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். அந்தப் புனிதமான குடும்பத்தைப் பிரிக்கும் பாவத்தை இந்தக் கம்பெனி ஒருநாளும் செய்யாது. ஆகவே குவார்ட்டர்ஸ், தனிக்கட்டையாக நாய் வளர்த்துவரும் டைப்பிஸ்ட் அடைக்கலராஜுக்கு வழங்கப்படுகிறது."

ஷெட் அதிரக் கைதட்டல். பெரிய அதிகாரிகள் தட்டியதால் மனோகரனும் தட்டினான். மூன்றாவது வரிசை எழுந்து நின்று தட்டியது. மங்கைக்கு மட்டும் காது அடைத்தது. எட்டு மாதம், ரேஷன் வரிசை, நாலு நாள் கட்டிய சேர்க்கை, இரண்டு நாள் பஞ்சாயத்து, எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு நாய்க்கு ஒரு அறை.

டீயும் பிஸ்கட்டும் கொடுக்க ஆரம்பித்தார்கள். துரைசானி மங்கையைத் தேடிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ கேட்டாள்.

"இதுல எது நீன்னு கேக்கறாங்க," என்றான் மனோகரன்.

மங்கை அப்போதுதான் யோசித்துப் பார்த்தாள். எந்தப் படத்திலும் அவள் இல்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, துரைசானி கையிலிருந்த யூகலேலியை வாங்கினாள். ம, ப, த, நி, நான்கையும் நாலு தந்தியில் ஒட்டி ஒட்டி வைத்து, ஓங்கி ஒரு மீட்டு மீட்டினாள்.

பிஸ்கட் எடுக்க நீண்ட கைகள் அப்படியே நின்றன. துரைசானி முகத்தைச் சுளித்தாள்.

"இதான் மேடம் எங்க வூடு," என்றாள் மங்கை. "ஒட்டிக்கினு குந்தினுகீறோம். சொல்லுயா அவங்களுக்கு."

மனோகரன் பக்கத்திலிருந்த ஹெட் கிளார்க்கைப் பார்த்தான். "தேங்க் யூ சொல்கிறாள், மேடம்," என்றான் இங்கிலீஷில்.

துரைசானிக்கு அந்த இங்கிலீஷில் சந்தேகம் வந்தது. அவள் மங்கையையே பார்த்தாள். மங்கை தந்தியைக் காட்டினாள். ஒன்றைத் தொட்டு, அடுத்ததைத் தாண்டி, அதற்கடுத்ததைத் தொட்டு, தாண்டிய இடத்தில் விரலால் வட்டம் போட்டாள். பிறகு ஸ-வின் சேர்க்கையை மெல்ல மீட்டினாள். மறுபடியும் தாண்டிய இடத்தைத் தட்டிக் காட்டினாள். "நடுவுல எடம் உட்டாத்தான் மேடம் சேரும்."

துரைசானிக்குப் பாதி புரிந்தது. "எத்தனை நாள் ஆயிற்று, கல்யாணமாகி?" என்று விரல் மோதிரத்தைக் காட்டிக் கேட்டாள். மங்கை எட்டு விரலைக் காட்டினாள். துரைசானி தலையைச் சாய்த்துக் கன்னத்தில் கை வைத்து, தூங்குவது எங்கே என்று சைகையால் கேட்டாள்.

மங்கை தன்னைச் சுட்டிக் காட்டி, தரையைக் காட்டினாள். பிறகு புருஷனைச் சுட்டிக் காட்டி, கையை உயர்த்தி ஷெட்டின் கூரையைக் காட்டினாள்.

துரைசானி கூரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். மறுபடி கூரையைப் பார்த்தாள். அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிக்கு வந்தது. மனோகரனுக்கு அதைவிடச் சீக்கிரம் ஏறியது. மூன்றாவது வரிசை முழுவதும் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. சைகைக்குத் துபாஷி வேண்டியிருக்கவில்லை.

துரைசானி நேரே போய்த் துரையின் காதில் ஏதோ சொன்னாள். துரை பிஸ்கட்டைக் கீழே வைத்தார். ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டார். ஹெட் கிளார்க் மேடை ஏறித் தொண்டையைச் செருமினார்.

"முன்னர் செய்த அறிவிப்பில் டைப்பிங் பிழை நேர்ந்துவிட்டது. குவார்ட்டர்ஸ், சங்கீத அப்பியாசத்தின் பொருட்டு, ஸ்ரீமான் மனோகரன் தம்பதிக்கு வழங்கப்படுகிறது. வியாழன்தோறும் மேடத்துக்குப் பாடம் சொல்ல வேண்டியது."

அந்த அறிவிப்பை யாரும் டைப் செய்திருக்கவே இல்லை. ஆனாலும் எல்லோரும் அடைக்கலராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை மூன்றாவது வரிசை தட்டவில்லை.

திரும்பும் லாரியில் ஒரு பெஞ்சில் பெண்கள், எதிர்ப் பெஞ்சில் ஆண்கள். பொன்னுரங்கம் கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பூமாரி கைக்குழந்தையோடு வெளியே கடலைப் பார்த்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்று மங்கை முதல் தடவையாக வியந்தாள். எல்லாம் புருஷனோடு அம்மா வீட்டுக்குப் போய்வந்த கணக்கு என்று பிறகு பூமாரியே சொன்னாள்.

காசிமேடு நெருங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

"ஊரு ஜனத்துக்கு முன்னால மேலயும் கீயயும் கைகாட்டி மானத்த வாங்கிட்டே. எட்டு மாசமா எங்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா இன்னா? நானும் வாக்கப்பட்டவதானே? எனுக்குத் தெரியாதா?"

"எப்ப அத்தே கேக்கறது?" என்றாள் மங்கை. "உங்களாண்ட ரகசியமா பேசணும்னா நீங்க தனியா இருக்கணுமே. எப்ப பாத்தாலும் சுத்தி ஒம்போது பேரு கீறாங்க. எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் நீங்க என் பக்கத்துல குந்திக்கினு கீறீங்க."

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பதினோரு பேரும் ஒரே நேரத்தில் எழும்பி உட்கார்ந்தார்கள். குப்பம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"டேய் மனோகரா."

"இன்னாம்மா?"

"இங்க வந்து குந்து."

"அது பொம்பளைங்க பெஞ்சும்மா."

"எனுக்குத் தெரியும். வந்து குந்துடா."

அவன் தயங்கித் தயங்கி எழுந்து வந்தான். குப்பம்மா எதிர்ப் பெஞ்சுக்குப் போனாள். பொன்னுரங்கத்துக்கும் புருஷனுக்கும் நடுவே முழங்கையால் இடம் பண்ணி உட்கார்ந்துகொண்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த மீதிப் பேரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அங்க இன்னா கூத்தா காட்றாங்க? அல்லாரும் கடலைப் பாருங்க."

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.